‘மருந்தில் அடங்கிவிட்டது’ என்று சாஸா மறுத்தால்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். என் மகனுக்கு ஏழு வயது, மூன்று வயதிலிருந்து வலிப்பு. நிரந்தரப் பராமரிப்பு தேவைப்படும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான மாத உதவித்தொகையான கேர் டிபென்டென்சி கிராண்ட் கேட்டிருந்தோம். ‘வலிப்பு மருந்தால் கட்டுப்பாட்டில் உள்ளது, நிரந்தரப் பராமரிப்பு தேவையில்லை’ என்று, அரசு உதவித்தொகைகளை வழங்கும் அமைப்பான சாஸாவிடமிருந்து மறுப்புக் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. புதிதாக விண்ணப்பித்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள், முதலில் மேல்முறையீடு செய்யுங்கள். அதில் ஜெயித்தால் நீங்கள் முதன்முதலில் விண்ணப்பித்த நாளிலிருந்து பணம் கணக்காகும். புது விண்ணப்பம் போட்டால் போடும் நாளிலிருந்துதான். 2025 ஏப்ரலில் இந்தத் தொகை மாதம் 2,310 ராண்ட். நான்கைந்து மாதம் போனாலே எவ்வளவு என்று பாருங்கள்.

முடிவு தெரிந்த நாளிலிருந்து 90 நாள் அவகாசம். உங்களுக்கு இன்னும் ஏழு வாரம்கூட முழுதாக இல்லை. முன்பெல்லாம் சாஸாவிடமே மறுபரிசீலனை கேட்டுவிட்டுத்தான் மேலே போக முடியும். 2022 மே இறுதியில் சட்டத்திருத்தம் அமலானபின் அந்தப் படி இல்லை. நேரே சுதந்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்தான். கட்டணம் கிடையாது. பெரும்பாலும் காகிதங்களைப் பார்த்தே முடிவு செய்வார்கள் என்பதால், நேரில் அழுது சொல்லிக்கொள்ளலாம் என்று எதையும் எழுதாமல் விடாதீர்கள்.

இப்போது ஒன்று கேட்கிறேன். பரிசோதித்த டாக்டர் “பையன் எப்படி இருக்கிறான்?” என்றபோது என்ன சொன்னீர்கள்? “பரவாயில்லை டாக்டர், மருந்து கொடுத்தால் நல்லா இருக்கான்” என்றுதானே? நம் அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளையைக் குறைத்துப் பேச நா எழாது. ‘காக்கா வலிப்பு’ என்று ஊர் பேசிவிடுமோ என்ற கூச்சம் வேறு. அந்த ஒரு வாக்கியம் படிவத்தில் ‘கட்டுப்பாட்டில் உள்ளது’ என்று ஏறியிருக்கலாம். அந்த மருத்துவ அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நோயின் பெயரைச் சட்டம் கேட்கவில்லை. குழந்தைக்கு நிரந்தரப் பராமரிப்போ உதவியோ தேவைப்படுகிறதா, அது கிடைத்துவருகிறதா என்பதுதான் அதன் கேள்வி. ஆகவே உங்கள் ஒரு நாளை எழுதுங்கள். குளிக்கும்போது கதவைத் தாழிட விடுவதில்லை. ராத்திரி பக்கத்திலேயே படுக்கிறீர்கள். ஃபிட்ஸ் வந்தபின் எத்தனை மணி நேரம் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறான்? அன்று பள்ளிக்கூடம் உண்டா? உங்கள் வேலை என்ன ஆகிறது? எது உண்மையோ அதை மட்டும், தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று ஒரு நோட்டில் இன்றிலிருந்தே குறியுங்கள். வலிப்பு வரும்போது முதலில் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கட்டும்.

பிறகு பிள்ளையைத் தொடர்ந்து பார்க்கும் ஆஸ்பத்திரி டாக்டரிடம் புதுக் கடிதம் வாங்குங்கள். ‘எபிலெப்ஸி நோயாளி’ என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயனில்லை. மருந்து சாப்பிட்டும் மாதத்துக்கு எத்தனை முறை வருகிறது, எந்த மருந்து எந்த அளவில், தனியே விட்டால் என்ன ஆபத்து என்பவை அதில் வரவேண்டும். மூளை மின்னலைப் பரிசோதனையான இ.இ.ஜி. நார்மல் என்று யாராவது சொன்னால் கலங்காதீர்கள். வலிப்பு உள்ளவர்களுக்கும் அது நார்மலாக வருவதுண்டு. வகுப்பு டீச்சரின் கடிதம் ஒன்றும் சேரட்டும். டாக்டருக்கு நிகராக அது பேசும், ஏனென்றால் அவர் சொந்தக்காரர் இல்லை.

எழுத உதவி வேண்டுமானால் அரசின் இலவச சட்ட உதவி அமைப்பான லீகல் எய்டின் இலவச எண் 0800 110 110. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோ கையெழுத்தோ வாங்காமல் திரும்பாதீர்கள். 90 நாள் தாண்டிவிட்டாலும் காரணத்தை எழுதி ஏற்கக் கேட்கலாம். ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம்.

வருமானம் குறைவென்றால் முடிவு வரும்வரை, வருமானம் குறைந்த வீட்டுக் குழந்தைகளுக்கான உதவித்தொகையான சைல்ட் சப்போர்ட் கிராண்டை வாங்கிக்கொண்டிருக்கலாம். ஒரே குழந்தைக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.