வழுக்கை இல்லாத கழுகு

கேள்வி: என் மகளின் பயிற்சி நூலில் அமெரிக்காவின் தேசியப் பறவைக்கு ‘வழுக்கைக் கழுகு’ என்று பெயர் போட்டிருக்கிறது. படத்திலோ தலை நிறைய வெள்ளை இறகுகள் இருக்கின்றன. ‘பால்ட்’ என்றால் வழுக்கைதானே?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: இன்றைய ஆங்கிலத்தில் வழுக்கைதான். ஆனால் முகத்திலோ நெற்றியிலோ வெள்ளை படர்ந்த விலங்கையும் பறவையையும் குறிக்கவும் பழைய வழக்கில் அச்சொல் பயன்பட்டது. அந்தப் பொருள் இன்னும் மறைந்துவிடவில்லை. கண்களைத் தாண்டியும் வெள்ளை பரவிய குதிரை முகத்தைக் குதிரை வளர்ப்போர் ‘பால்ட் ஃபேஸ்’ என்றே சொல்கிறார்கள். கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்த குதிரையைச் சுட்டும் ‘பைபால்ட்’ என்ற சொல்லின் பின்பாதியும் இதுவே.

கழுகின் பெயரும் இந்தப் பொருளில் வந்ததுதான். 1766இல் ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் அதற்குச் சூட்டிய ‘லூக்கோசெஃபாலஸ்’ என்ற அறிவியல் பெயருக்கு, கிரேக்க மொழிவழி, வெண்தலை என்று பொருள். இளம் கழுகு தலை முதல் வால் வரை பழுப்பாகவே இருக்கும். ஏறத்தாழ ஐந்து வயதில்தான் தலையும் வாலும் முழுமையாக வெளுக்கின்றன.

இவ்விடத்தில் நம் ஏரிகளில் காணப்படும் நாமக்கோழியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கரிக்கட்டை போன்ற உடல், சிவந்த கண், வெள்ளை அலகு. அந்த அலகின் வெண்மை அப்படியே மேலேறி நெற்றியில் ஒரு தகடாகப் படிந்திருக்கும். அந்தத் தகட்டில் இறகு கிடையாது என்பதால், வெள்ளை, வழுக்கை என்னும் இரு பொருளும் இப்பறவையிடம் ஒன்றாகவே பொருந்துகின்றன. முழு வழுக்கையரை இந்தப் பறவையோடு ஒப்பிடும் மரபுத்தொடர் ஆங்கிலத்தில் இன்றும் உண்டு. அதே நெற்றியைப் பார்த்த நம் மக்களுக்கு அது நாமமாகத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு கூர்மையான பார்வை!

மாட்டின் நெற்றியில் உள்ள வெள்ளைக்கும் நம்மிடம் ‘சுட்டி’ என்ற அழகான சொல் இருக்கிறது. பெண்கள் நெற்றியில் அணியும் நகைக்கும் அதே பெயர்தான். இத்தனை சொல்வளம் உள்ள மொழியில், இறகடர்ந்த ஒரு பறவையை வழுக்கை என்று எழுதுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ‘வெண்தலைக் கழுகு’ என்பதே சரியான பெயர். மகளிடம் சொல்லி, நூலில் அந்தப் படத்தின் கீழே பென்சிலால் திருத்தி எழுதச் சொல்லுங்கள்.