வாடகைக்குக் கொடுத்த பூங்கன்றுத் தவறணைக் குடிலில் வேர்விடாத கஞ்சாத் தண்டுத் துண்டுகள்: நான் என்ன செய்வது?

கேள்வி: நான் நுவரெலியா மாவட்டத்தில் கந்தப்பளைப் பக்கம் சொந்தக் காணியில் பூங்கன்றுத் தவறணை நடத்துகிறேன். என்னிடம் உள்ள பொலித்தீன் குடில்களில் ஒன்றை, மச்சானுக்குத் தெரிந்த ஓர் இளைஞருக்கு மாத வாடகைக்குக் கொடுத்தேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. ஸ்ட்ரோபெரி வைக்கப்போவதாகச் சொன்னார். கன்றுத் தட்டுகளையும் நிழல் வலையையும் என்னிடமே இரவல் வாங்கினார். போன கிழமை, "அண்ணே, கட்டிங் ஒண்ணும் வேர் பிடிக்க மாட்டேங்குது, ஒருக்கா வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் எல்லாம் கஞ்சா. இலைகள் மஞ்சளாகி, தண்டின் அடி கறுத்து அழுகியிருந்தது. பதற்றத்தில் "தண்ணீர் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது மருந்துக்காக இது அனுமதிக்கப்பட்டுவிட்டது என்கிறார். வாடகையை இரட்டிப்பாகத் தருவதாகவும் சொல்கிறார். செத்துக்கொண்டிருக்கும் துண்டுகளுக்கும் சட்டம் உண்டா? நானே பிடுங்கி எரித்துவிடலாமா? பொலிஸுக்குப் போனால் என்னையே பிடித்துவிடுவார்களா? எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட ஒழுங்கில் நான் எடுக்கவில்லை. உங்களுக்கு மிக அருகில் இருக்கும் ஆபத்து செடியில் இல்லை. அந்த இரட்டிப்பு வாடகையில் இருக்கிறது. குடிலுக்குள் இருப்பது இன்னதென்று தெரியாமல் வாடகை வாங்கியவருக்கும், தெரிந்த பின் வாங்கியவருக்கும் இடையிலான வேறுபாடுதான் உங்கள் விடயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கப்போகிறது. எனவே அந்த இளைஞர் நீட்டும் எந்தப் பணத்தையும், பழைய வாடகைப் பாக்கியாக இருந்தாலும்கூட, ஒரு சட்டத்தரணியைச் சந்திக்கும்வரை வாங்காதீர்கள். கூட்டிக் கொடுக்கப்படும் வாடகையை நீதிமன்றம் இடத்துக்கான விலையாகப் பார்க்காது, மௌனத்துக்கான விலையாகவே பார்க்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். இலங்கையில் கஞ்சாவைக் கட்டுப்படுத்துவது 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டமாகும். பின்னர் பல தடவைகள், குறிப்பாக 1984 இலும் 2022 இலும், அது திருத்தப்பட்டிருந்தாலும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் கஞ்சாச் செடியைப் பயிரிடுவதும் உடைமையில் வைத்திருப்பதும் குற்றம் என்ற அடிப்படை மாறவில்லை. அந்தத் தடை வளர்ந்து பூத்த செடியோடு நிற்பதில்லை. விதை, இலை, பூ என அச்செடியின் பகுதிகளையும் சேர்த்தே பிடிக்கிறது. ஆகவே வேர்விடாத துண்டு "செடி" ஆகுமா என்று வாதிட்டுத் தப்பிக்கலாம் என யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால், அதை நம்பி ஒரு நாளைக்கூடக் கழிக்காதீர்கள். இலையோடு தட்டில் ஊன்றப்பட்ட துண்டு செடியின் பகுதிதான். அது அழுகிக்கொண்டிருப்பது தோட்டக்காரனின் தோல்வியைக் காட்டுமே தவிர, அவன் நோக்கத்தை மாற்றாது. கைப்பற்றப்பட்டது கஞ்சாவா, அதன் எடை எவ்வளவு என்பதை அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை சொல்லும். அளவும் குற்றச்சாட்டின் தன்மையும் தண்டனையைப் பாதிக்கும். சில குற்றச்சாட்டுகளில் நீதவான் பிணை வழங்க முடியாமல் மேல் நீதிமன்றத்தை நாடவேண்டிய நிலையும் உண்டு.

"அனுமதித்துவிட்டார்கள்" என்ற பேச்சு மலையகத்தில் பல இடங்களில் அடிபடுவதை நானும் கேட்கிறேன். 2022 நவம்பரில் வாசிக்கப்பட்ட வரவு செலவுத் திட்ட உரையில், ஏற்றுமதிக்காகக் கஞ்சா பயிரிடுவது பற்றி ஆராய நிபுணர் குழு அமைக்கும் யோசனை இருந்தது. அரசின் நேரடி அங்கீகாரத்தோடு ஏற்றுமதி முதலீட்டாளர் செய்யும் காரியம் வேறு, கந்தப்பளையில் ஒரு தனியாள் பொலித்தீன் குடிலுக்குள் செய்யும் காரியம் வேறு. பதிவுபெற்ற ஆயுர்வேத மருத்துவர்கள் மருந்து தயாரிப்புக்காகக் கஞ்சாவைப் பெறுவதற்கு 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் வழி இருக்கிறது. அதுவும் ஆயுர்வேத ஆணையாளர் ஊடாகப் பெறுவதற்கான வழியே அன்றி, தாமாக நட்டுக்கொள்வதற்கான உரிமை அல்ல. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மை. அந்த நாட்டுக் காணொளி ஒன்றைக் கைத்தொலைபேசியில் காட்டுவது நுவரெலியா நீதவானுக்கு முன் எந்தப் பதிலும் ஆகாது. உங்கள் வாடகையாளரிடம் எழுத்தில் அனுமதிப்பத்திரம் இருந்தால் முதல் நாளே ஸ்ட்ரோபெரி என்று சொல்லியிருக்க மாட்டார்.

இனி உங்கள் நிலை. உடைமை என்று சொல்லும்போது நீதிமன்றங்கள் இரண்டைப் பார்க்கின்றன: பொருள் இருப்பது தெரிந்திருந்ததா, அதன்மீது கட்டுப்பாடு இருந்ததா. காணி உங்கள் பெயரில் இருப்பதால் பொலிஸாரின் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும் என்பதை மறைக்க விரும்பவில்லை. குடிலின் பூட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, உங்களிடம் மாற்றுச் சாவி உண்டா, தண்ணீர் எந்தத் தாங்கியிலிருந்து போகிறது, மின்சாரம் யாருடைய மானியில் ஓடுகிறது என்பவையெல்லாம் கட்டுப்பாட்டைக் காட்டும் சிறு சிறு சான்றுகள். எனக்கு அதிகம் கவலை தருவது அந்தத் தட்டுகளும் நிழல் வலையும். உங்கள் தவறணையின் மற்றக் குடில்களில் இருக்கும் அதே கறுப்புத் தட்டில், அதே மண் கலவையில் கஞ்சாத் துண்டு நிற்குமானால், பார்ப்பவருக்கு அது உங்கள் தொழிலின் ஒரு பகுதியாகவே தோன்றும். எத்தனை தட்டுகள், எந்தச் சந்தர்ப்பத்தில், யார் முன்னிலையில் இரவல் கொடுத்தீர்கள் என்பதை நினைவு மங்குமுன் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். மச்சானிடம் வந்த பேச்சு, "ஸ்ட்ரோபெரி" என்று எழுதிய குறுஞ்செய்தி ஏதும் இருந்தால் அது, வாடகை வந்த வங்கிப் பதிவு, எதையும் அழித்துவிடாதீர்கள்.

தண்ணீர் கூடிப்போச்சு என்று நீங்கள் சொன்ன வார்த்தைக்கு வருகிறேன், ஏனெனில் கடிதத்தில் உங்களை மிகவும் வாட்டுவது அதுதான் என்று தெரிகிறது. எமது தண்டனைச் சட்டக்கோவையின் 100 ஆவது பிரிவின்படி, ஒரு குற்றத்தைத் தூண்டுவதும், அதற்காகச் சதியில் ஈடுபடுவதும், அதைச் செய்ய வேண்டுமென்றே உதவுவதும் உடந்தையாகும். திகைப்பில் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தை வைத்து மட்டும் வேண்டுமென்றே உதவியதாக நிறுவுவது எளிதல்ல என்பது என் கருத்து. ஆனால் அதே ஆள் நாளை மறுபடியும் கூப்பிட்டு, மண்ணை மாற்றவா, வேர் ஹோர்மோன் தூள் எது நல்லது, பொலித்தீனை எவ்வளவு திறந்து வைப்பது என்று கேட்டு, நீங்கள் ஒரு தவறணைக்காரரின் பழக்கத்தில் பதில் சொல்வீர்களானால், அது தெரிந்தே கொடுத்த உதவியாகிவிடும். ரோஜாத் தண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பீர்கள், இவருக்குச் சொல்லாதீர்கள். தொலைபேசியில் வந்தால் எடுக்காதீர்கள், செய்தியாக வந்தால் பதில் எழுதாதீர்கள், ஆனால் வந்த செய்தியை வைத்திருங்கள்.

பிடுங்கி எரிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எரிக்கக் கூடாது. துண்டுகளைக் கையில் எடுத்த கணத்தில் அவை உங்கள் உடைமையில் வருகின்றன. அடுப்பங்கரைக்குக் கொண்டுபோகும் வழியில் யாராவது கண்டால் என்ன விளக்கம் சொல்வீர்கள்? அதோடு, குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு சான்றை மறையச் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 198 ஆவது பிரிவின் கீழ் தனிக் குற்றம். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சாம்பலை வைத்துக்கொண்டு நோக்கத்தை நிரூபிக்க வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய திகதியிட்டு ஒரு வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம் என்று யாரேனும் "உதவி" செய்ய முன்வரலாம். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்கு நொத்தாரிசு உறுதி தேவையில்லை என்பதை 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டமே சொல்கிறது. எனவே உங்கள் வாய்மொழி மாத வாடகை அப்படியே சொல்லப்படக்கூடிய உண்மை. பொய்ப் பத்திரம் அந்த உண்மையையும் கெடுத்துவிடும்.

பொலிஸுக்குப் போவதுதான் என் ஆலோசனை, ஆனால் தனியாக அல்ல. முதலில் ஒரு சட்டத்தரணியிடம் எல்லாவற்றையும், அந்தத் தண்ணீர் வார்த்தை உட்பட, ஒளிக்காமல் சொல்லுங்கள்; தொழில்முறையில் நீங்கள் அவரிடம் சொல்வதைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 126 ஆவது பிரிவு பாதுகாக்கிறது. கட்டணம் கொடுக்க வசதியில்லையென்றால் 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிறகு அவரோடு பொலிஸ் நிலையத்துக்குச் சென்று, பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சட்டத்தரணி கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்தில் தோன்றுவதற்கு 2012 இல் விதிகள் வர்த்தமானியில் வெளியிடப்பட்டிருக்கின்றன; ஆகவே அவரை வெளியே நிற்கச் சொன்னால் அமைதியாக அந்த விதிகளை நினைவூட்டலாம். வாடகையாளருக்கு முன்கூட்டியே காலி செய்யும் அறிவித்தல் கொடுக்க வேண்டாம். ஓர் இரவில் எல்லாம் உங்கள் காணியின் வேறொரு மூலைக்கு மாறிவிடும்.

வாக்குமூலத்தைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டப்புற மக்கள் வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட்டுவிட்டு, அதில் என்ன இருந்தது என்பதை வழக்கு நாளில்தான் அறிந்துகொள்கிறார்கள். இந்த அநியாயம் உங்களுக்கு நடக்கக் கூடாது. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அதிகாரியோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை தருகிறது. நீதிமன்றத்தில் அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை 24 ஆவது உறுப்புரை தருகிறது. தமிழில் எழுதும்படி கேளுங்கள். எழுத ஆள் இல்லை என்றால், எழுதியதைத் தமிழில் விளக்கிக் காட்டிய பிறகே கையொப்பமிடுவதாகச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினாலும் இந்த ஓர் இடத்தில் அசையாதீர்கள். பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்யும் குற்ற ஒப்புதல் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆவது பிரிவின்படி உங்களுக்கு எதிராக நிரூபிக்கப்பட முடியாததுதான். ஆனாலும் ஒப்புதல் அளவுக்குப் போகாத சொற்கள் வேறு விதத்தில் பயன்படக்கூடும் என்பதால், தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள், ஊகத்தைச் சொல்லாதீர்கள்.

உங்களைக் கைது செய்யவே மாட்டார்கள் என்று என்னால் உறுதி தர முடியாது. அப்படி நேர்ந்தால், காரணத்தைத் தெரிவிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 13 ஆவது உறுப்புரை கட்டளையிடுகிறது. சாதாரண நடைமுறையில் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். நீங்களாகவே முன்வந்து, சட்டத்தரணியோடு, திகதிகளுடன் முறையிட்டவர் என்ற பதிவு அந்த நேரத்தில் பிணை விண்ணப்பத்துக்கும் பின்னர் வழக்குக்கும் பெரிய பலமாக நிற்கும். வீட்டில் மனைவியோ வளர்ந்த பிள்ளைகளோ இருந்தால், குடிலின் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று இன்றே சொல்லிவையுங்கள்.

சோதனை நடந்தால் உங்கள் தட்டுகளையும் வலையையும் பொலிஸார் சான்றுப் பொருட்களாகக் கொண்டுபோவார்கள். தடுக்காதீர்கள். கொண்டுபோன பொருட்களின் பட்டியல் ஒன்றைச் சட்டத்தரணி மூலம் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், உங்களுக்குரியவற்றைத் திருப்பித் தரும்படி பின்னர் நீதவானிடம் விண்ணப்பிக்க முடியும். நடவுக் காலம் நெருங்குவதால் மற்றக் குடில்களுக்குத் தட்டு தேவைப்பட்டால், அதுவரை வேறு இடத்தில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.