பைபோலார்ல (மூட் ஒரேடியா ஏறி எறங்கற நோய்) மூட் சரியானதுக்கப்பறமும் மறதியும் வேலைல தடுமாற்றமும் இருக்குமா?

இருக்குமுங்க. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன், எனக்கு இருக்கு. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில கட்டிங் டேபிள்ல இருக்கேன், கடைசியா மேனியா (மூட் அளவுக்கு மீறி ஏறிக்கறது) வந்து ரெண்டு வருசமாச்சு, இப்ப தூக்கம் சரி, கோவமும் இல்ல, ஊட்ல எல்லாரும் பழைய ஆளாயிட்டேங்கறாங்க. எனக்குத்தான தெரியும். 1200 பீஸு, சைஸ் ரேஷியோ 1:2:2:1ன்னா எஸ் 200 எம் 400 எல் 400 எக்ஸெல் 200ன்னு முன்னெல்லாம் சீட்டே பாக்காம சொல்லுவேன், இப்ப டேபிள்ல இருந்து லைனுக்கு நடந்து போறதுக்குள்ள எம்மா எல்லான்னு கொழம்பிருது. போன தீவாளி சமயத்துல, "ஏனுங்ண்ணா, இந்தக் கட்டுல முன்பக்கம் சின்னது பின்பக்கம் பெருசு"ன்னு ஓவர்லாக் அக்கா தூக்கிக் காட்டறாங்க, பிரிச்சு அடுக்கி முடிக்க ராத்திரி பத்தாயிருச்சு.

டாக்டர்கிட்ட முன்னெல்லாம் "மறதிங்க"ன்னு மொட்டையா சொல்லுவேன், அவரும் சரின்னுருவார். அந்தத் தடவ இந்தக் கட்டு கதைய அப்படியே சொன்னேன். மூட் நல்லா இருக்கறப்பவும் நெறைய பேருக்கு கவனம், கேட்டத மனசுல நிறுத்தறது, யோசிக்கற வேகம் இதெல்லாம் கொஞ்சம் கொறஞ்சே இருக்கும்னார். அதோட ரத்தத்துல லித்தியம் (மூடுக்கு நான் சாப்பிடற மாத்திர) அளவும் தைராய்டும் பாக்கச் சொன்னார். (லித்தியத்துக்கு ராத்திரி மாத்திர போட்டு 12 மணி நேரம் கழிச்சு ரத்தம் குடுக்கணும், காலைல மாத்திர இருந்தா குடுத்துட்டுத்தான் போடணும்.) பாத்தா தைராய்டு கம்மி. லித்தியம் சாப்பிடறவங்களுக்கு வர்றதுதானாம், அதுவே தனியா மந்தத்தக் குடுக்குமாம். அதுக்கு மாத்திர ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல பாதி தேவலைங்க.

மாத்திரதான் மந்தமாக்குதுன்னு நீங்களா மட்டும் நிறுத்திராதீங்க. சில மாத்திர அப்படிப் பண்ணுந்தான், டாக்டர் அளவக் கொறைப்பார், மாத்திக் குடுப்பார். நான் நானா நிறுத்தித்தான் அந்தக் கடைசி மேனியா வந்துச்சு, கடன் வாங்கி ரெண்டு பழைய ஓவர்லாக் மெஷின் வாங்கிப் போட்டேன், தவணை இன்னும் ஓடுது. மூட் ஏறி எறங்கற ஒவ்வொரு தடவையும் இந்த மறதி கூடுதுங்கறது என் அனுபவம், டாக்டரும் அதையேதான் சொல்றார்.

மிச்சப் பாதிக்கு ரேஷியோவ இடது உள்ளங்கைல பேனால எழுதிக்கறேன். ஓனர் பாத்துட்டு என்னப்பா இதுன்னார், பாப்பாவுக்கு ஹோம்வொர்க் கணக்குங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.