ஆர்க்யுமென்ட் வரவில்லை என்கிறதா? பைத்தான் கேள்வி-பதில்

கேள்வி: "மிஸ்ஸிங் 1 ரிக்வயர்ட் பொசிஷனல் ஆர்க்யுமென்ட்" என்று பிழை வருகிறது. ஃபங்ஷனை எத்தனை தடவை பார்த்தாலும் தப்பு தெரியவில்லை.

பதில்: ஆர்க்யுமென்ட் என்பது ஃபங்ஷனை அழைக்கும்போது நீங்கள் கொடுக்கும் மதிப்பு. அதில் ஒன்று குறைகிறது என்பதுதான் இந்தப் பிழை. ஃபங்ஷனுக்குள் தேடாதீர்கள். அது இன்னும் ஓடத் தொடங்கவே இல்லை. டிரேஸ்பேக்கை, அதாவது பிழையோடு பைத்தான் காட்டும் வரிகளை, கீழிருந்து மேலே படியுங்கள். எந்த ஃபங்ஷனுக்கு எது வந்து சேரவில்லை என்பதைக் கடைசி வரி பெயரோடு சொல்லிவிடும். அதற்கு நேர் மேலே இருப்பது அழைத்த இடம். முதலில் பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.

கேள்வி: வண்டி.ஓடு() என்று அழைத்தால் செல்ஃப் இல்லை என்கிறது. செல்ஃபை நான்தான் அனுப்ப வேண்டுமா?

பதில்: வேண்டாம். வண்டி என்பது கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட் செய்வதற்கான அச்சு. அதிலிருந்து நேராக அழைத்தால் எந்த வண்டி ஓட வேண்டும் என்று பைத்தானுக்கு எப்படித் தெரியும்? முதலில் என்_வண்டி = வண்டி() என்று ஓர் ஆப்ஜெக்ட் செய்யுங்கள், அப்புறம் என்_வண்டி.ஓடு() என்று அழையுங்கள். அந்த ஆப்ஜெக்டே செல்ஃப் ஆகத் தானாகப் போய்விடும்.

இதில் இரண்டு இடத்தில் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, என்_வண்டி = வண்டி என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதுவது. அந்த வரியில் பிழை வராது. எங்கோ கீழே மெத்தடை (கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷனை) அழைக்கும்போதுதான் வெடிக்கும். இன்னொன்று, ஓடு ஃபங்ஷன் 'வேகம்' என்று ஒரு மதிப்பும் கேட்கும்போது வண்டி.ஓடு(60) என்று கிளாஸிலிருந்தே அழைப்பது. அந்த 60 போய் செல்ஃப் இடத்தில் உட்கார்ந்துவிடும். பைத்தானோ 'வேகம்' வரவில்லை என்று சொல்லும். கொடுத்துவிட்டேனே என்று நீங்கள் திகைப்பது நியாயம்தான். கொடுத்ததையே இல்லை என்று சொன்னால், புள்ளிக்கு இடப்பக்கம் நிற்பது கிளாஸா ஆப்ஜெக்டா என்று பாருங்கள்.

கேள்வி: கூட்டு() மூன்று எண்களைக் கேட்கிறது. மூன்று எண்கள் உள்ள லிஸ்டைக் கொடுத்தேன். இரண்டு ஆர்க்யுமென்ட் குறைகிறதாம்!

பதில்: லிஸ்ட் முழுவதும் ஒரே ஆர்க்யுமென்ட்தான். கூட்டு(*எண்கள்) என்று ஒரு நட்சத்திரம் போட்டால் பிரிந்து போகும். டிக்ஷனரிக்கு இரண்டு நட்சத்திரம். அதன் கீ ஒவ்வொன்றும் ஃபங்ஷன் வரையறையில் உள்ள பாராமீட்டர் பெயரோடு அப்படியே பொருந்த வேண்டும்.

கேள்வி: பாராமீட்டருக்கு 'நன்' (None, மதிப்பு எதுவும் இல்லை) என்று டீஃபால்ட் வைத்தேன், பிழை போய்விட்டது. சரிதானே?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அந்த மதிப்பு இல்லாமலும் ஃபங்ஷன் சரியாக வேலை செய்யும் என்றால் மட்டும் டீஃபால்ட் வையுங்கள். இல்லாவிட்டால் பிழை உள்ளே தள்ளிப் போகும், அவ்வளவுதான். 'நன்'னோடு எண்ணைக் கூட்ட முடியவில்லை என்று வேறொரு நாள் வேறொரு வரியில் வந்து நிற்கும். அப்போது காரணத்தைக் கண்டுபிடிப்பது இதைவிடக் கஷ்டம். காலி லிஸ்டை டீஃபால்ட்டாக வைப்பதும் ஆபத்து. ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒரு லிஸ்ட்தான் உருவாகும். ஒரு தடவை அதில் சேர்த்தது அடுத்த அழைப்பிலும் அப்படியே இருக்கும்.

கேள்வி: "கீவேர்ட்-ஒன்லி" ஆர்க்யுமென்ட் இல்லை என்கிறதே?

பதில்: வரையறையில் தனி நட்சத்திரத்துக்குப் பின்னால் வரும் பாராமீட்டர் அது. பெயர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்: அச்சிடு(கோப்பு, பிரதிகள்=2).