மீனை நிறுத்தினால் மூட்டு வலி போகுமா?

வாசகர் கேள்விகள், டாக்டர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மூட்டு வலியும் பத்தியமும் பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிறேன். வயது 43. ஆறு மாதமாக இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள், மணிக்கட்டு எல்லாம் வீங்குகின்றன. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியவில்லை. தண்ணீரிலேயே கிடந்ததால் வாதம் ஏறிவிட்டது என்று சொல்லி, மீன், கருவாடு, புளி, கத்தரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, பழைய சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். வலி குறையவில்லை. உடம்புதான் மெலிந்துவிட்டது. இன்னும் எதை நிறுத்த வேண்டும்?

எதையும் நிறுத்த வேண்டாம் அம்மா. நிறுத்தியதையெல்லாம் இன்றைக்கே திரும்பச் சாப்பிடத் தொடங்குங்கள். முதலில் மீன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது முடக்குவாதமாக இருக்க வாய்ப்பு அதிகம். சரவாங்கி என்றும் சொல்வார்கள். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி, சின்ன மூட்டுகளில் வருவது, காலையில் நெடுநேரம் விறைத்துக் கிடப்பது, ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருவது எல்லாமே இந்த நோயின் அடையாளங்கள். உடம்பின் காவல் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதால் வருகிறது. கடல் தண்ணீரால் வருவதில்லை. குளிர்ச்சி பட்டால் வலி கூடுதலாகத் தெரியலாம், அவ்வளவுதான். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போய் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி சி.சி.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள். கூடவே ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். இந்த நோயே இரத்தத்தைக் குறைக்கும். அதன்மேல் மீனையும் நிறுத்தினால் என்ன ஆகும்? மண்டபம் வட்டாரத்தில் வேலை பார்த்த காலத்தில், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறையில் பாசி பறிக்கும் பெண்கள் வெளிறிப்போன கண் இமைகளோடு வந்து உட்காருவார்கள். "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால், "ரசஞ்சோறுதான், மத்ததெல்லாம் வாயு" என்பார்கள். வீட்டில் ஆண்களுக்குச் சாளைக் குழம்பு வைத்துக் கொடுத்துவிட்டு இவர்கள் ரசஞ்சோறு சாப்பிடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு தாங்காது.

மீன்மேல் இந்தப் பழி எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நம் வைத்தியத்தில் வாதம், பித்தம், கபம். கிரேக்க வைத்தியத்தில் இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு. சாப்பாட்டில் இருந்து இவை உண்டாகின்றன, ஒன்று மிஞ்சினால் அது போய் மூட்டில் தங்குகிறது என்று இரண்டு பக்கத்திலும் நம்பினார்கள். ஆக, மூட்டில் வலி என்றால் சாப்பாட்டைக் குறை. நுண்ணோக்கியும் இரத்தப் பரிசோதனையும் இல்லாத காலத்தில் அது நியாயமான யோசனைதான். ஆனால் அவர்கள் அதிகம் பார்த்ததும் எழுதியதும் கௌட் என்கிற ஒரே நோயை. நன்றாகத் தின்று குடித்த ஆண்களின் கால் பெருவிரலில் வருவது அது. மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு அது வராது என்று பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ் காலத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்கள்.

1800இல் பாரிஸில் லாந்த்ரே-போவே என்ற இளம் மருத்துவர் தன் ஆய்வேட்டில், தான் மருத்துவமனையில் பார்த்த சிலரைப் பற்றி எழுதினார். பெரும்பாலும் பெண்கள், அதிலும் ஏழைகள். விருந்து சாப்பிட்டு வந்த நோய் என்று இவர்களைச் சொல்ல முடியாது என்று அவருக்குப் புரிந்தது. ஆனாலும் அதையும் கௌட்டில் ஒரு வகை என்றுதான் பெயரிட்டார். 1859இல் லண்டனில் ஆல்ஃபிரட் காரட் என்ற மருத்துவர் இது வேறு நோய் என்று பிரித்துத் தனிப் பெயர் கொடுத்தார். பெயர்கள் பிரிந்துவிட்டன, பத்தியம் பிரியவே இல்லை. பணக்கார ஆணின் நோய்க்குச் சொன்ன பத்தியத்தை இன்றைக்கும் பாசி எடுக்கும் பெண்ணின் தட்டில் வைக்கிறோம்.

உண்மையில் முடக்குவாதத்துக்கு மீன் நல்லது. சாளை, சூடை, அயிலை போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. மீன் எண்ணெயைத் தினமும் சுமார் 3 கிராம் ஒமேகா-3 அளவுக்குச் சில மாதங்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் வலியும் காலை விறைப்பும் ஓரளவு குறைந்தன. சாப்பிடும் மீனில் தினமும் அந்த அளவு வராது. மருந்துக்கு அது மாற்றும் இல்லை. ஆனால் உங்கள் ஊர்க் கரையில் மலிவாகக் கிடைக்கும் நல்ல சாப்பாட்டை ஒதுக்க ஒரு காரணமும் இல்லை.

உருளைக்கிழங்கு, தக்காளி விஷயமும் சொல்லிவிடுகிறேன். "சித்தர்களே விலக்கச் சொன்னது" என்று பலர் எழுதுகிறார்கள். இரண்டும் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து ஐரோப்பியர் கப்பலில் வந்த பயிர்கள். பழைய ஏடுகள் அவற்றை அறியவே அறியாது. கத்தரிக்காய்க் குடும்பத்துக் காய்கள் மூட்டைக் கெடுக்கும் என்ற பேச்சை 20ஆம் நூற்றாண்டில் பரப்பியவர் நார்மன் சைல்டர்ஸ் என்ற அமெரிக்கத் தோட்டக்கலைப் பேராசிரியர். தனக்கு வந்த வலியில் இருந்து அவர் கட்டிய கருத்து அது. முறையான ஆய்வு எதுவும் அதை நிரூபிக்கவில்லை. உங்களுக்கு மட்டும் ஒரு காய் ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பத் திரும்பத் தெரிந்தால் அதை விடுங்கள். பட்டியல் போட்டு விட வேண்டாம்.

டாக்டர் முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை எழுதினால் பயப்படாதீர்கள். ஆனால் ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள். அது வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, அதற்கு வாய்ப்பு இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் ஆகிவிட்டது, இனியும் தள்ளிப்போட வேண்டாம். மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் பழையபடி ஆகாது.

கீழக்கரை. வயது 51. கல்யாண வீட்டில் நெய்ச்சோறும் கறியும் ஈரலும் சாப்பிட்ட அன்று நடு இரவில் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியவில்லை. யூரிக் ஆசிட் 8.9. பருப்பு, கீரை, மீன் எதுவும் கூடாது என்கிறார்கள். பிறகு எதைத்தான் சாப்பிடுவது?

மேலே சொன்ன கௌட் உங்களுக்கு வந்திருப்பதாகத் தெரிகிறது. சாப்பாட்டைப் பற்றிப் பேச நியாயமான இடம் இதுதான்.

பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர், கௌட்டை ஒத்த வாதரக்தம் என்ற நோய்க்குச் சொல்லும் காரணங்களில் உப்பும் புளிப்பும் மிகுந்த உணவு, மது, கரும்பு, நீர்வாழ் உயிர்களின் இறைச்சி, உலர்ந்த இறைச்சி எல்லாம் வருகின்றன. கருவாட்டுக்குப் பேர்போன நம் கரையில் இருந்து அதைப் படிக்கும்போது எனக்கு வியப்பாக இருந்தது. கவனித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இரத்தத்தில் மிஞ்சும் யூரிக் அமிலம் (யூரிக் ஆசிட்) படிகமாகி மூட்டில் படிவதுதான் காரணம் என்பது மட்டும் அப்போது தெரியாது. 1679இல் நுண்ணோக்கி ஆய்வாளர் லேவன்ஹூக் கௌட் கட்டியில் இருந்து எடுத்த சுண்ணாம்பு போன்ற பொருளை நுண்ணோக்கியில் வைத்து, ஊசி ஊசியாக இருப்பதைப் பார்த்தார். 1776இல் ஷீலே என்ற வேதியியலாளர் சிறுநீர்க் கல்லில் இருந்து யூரிக் அமிலத்தைப் பிரித்தார். 1797இல் வொல்லாஸ்டன் அந்தக் கட்டிகளில் இருப்பதும் அதன் உப்புதான் என்று காட்டினார். முன்னே சொன்ன காரட் 1854இல், நோயாளியின் இரத்தத் தெளிநீரில் அமிலம் சேர்த்து ஒரு நூலைப் போட்டுவைத்தார். நூலில் படிகம் படிந்தது. இன்றைய யூரிக் ஆசிட் பரிசோதனைக்கு முன்னோடி அந்த நூல்தான்.

உடம்பில் உள்ள யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு உடம்பே உண்டாக்குவது. சாப்பாட்டில் இருந்து வருவது ஒரு பங்குதான். கடுமையான பத்தியம் இருந்தாலும் அளவு சுமார் 1 புள்ளிதான் இறங்கும். உங்களுக்கு 8.9. வேண்டியது 6க்குக் கீழே. கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். வலி அடிக்கடி வந்தால் மாத்திரை தேவைப்படும். 1960களில் இருந்து புழக்கத்தில் இருக்கும் அல்லோபியூரினால் நல்ல மருந்து. அதைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும், வலி போனதும் தானாக நிறுத்தக் கூடாது.

எதைச் சாப்பிடுவது என்று கேட்டீர்கள். பருப்பும் கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்கு கௌட் கூடியது. பியூரின் (உடம்பில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) உள்ள காய்கறிகளால் கூடவில்லை. பால் பொருள்கள் சாப்பிட்டவர்களுக்குக் குறைந்தது. அதனால் மோர் நல்லது. ஈரல், மூளை, குடல் வேண்டாம். நெத்திலி, சாளை, நண்டு, இறால் எல்லாம் வலி அடங்கும்வரை வேண்டாம். பிறகு வாரத்தில் ஓரிரு நாள், சின்ன அளவில். கருவாடு உப்புக்காகவும் சேர்த்துக் குறையுங்கள்.

உங்கள் ஊர்த் தொதலை நினைத்துத்தான் அடுத்ததைச் சொல்கிறேன். இனிப்பில் உள்ள ஃப்ரக்டோஸ் யூரிக் அமிலத்தை ஏற்றும். கருப்பட்டியில் செய்தது என்பதால் சலுகை கிடையாது, பதநீருக்கும் இதே கதிதான். பாட்டில் குளிர்பானத்தை அடியோடு விடுங்கள். நம் வெயிலில் தண்ணீர் குறைந்தாலும் இந்த வலி வரும், நிறையக் குடியுங்கள். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியது.

தொண்டி. அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் தேய்மானம். ஒருவர் தரும் மூலிகைப் பொடி மூன்றே நாளில் நடக்க வைத்துவிட்டது. நான்கு மாதமாகச் சாப்பிடுகிறார். இப்போது முகம் உப்பியிருக்கிறது, சர்க்கரையும் ஏறிவிட்டது. பொடியை நிறுத்திவிடலாமா?

சட்டென்று நிறுத்தாதீர்கள். பொடியை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். மூன்று நாளில் வலி பறப்பது, முகம் நிலா மாதிரி உருண்டு போவது, சர்க்கரை ஏறுவது என்று மூன்றும் சேர்ந்தால், அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட்டே ஆக வேண்டும். பல மாதம் வெளியில் இருந்து வந்துகொண்டிருந்தால் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து கடைவீதிக்குப் போய்வந்தார். உலகமே கொண்டாடியது, 1950இல் நோபல் பரிசும் கிடைத்தது. கொஞ்ச காலத்திலேயே முக வீக்கம், எலும்பு மெலிவு, தொற்று என்று விலை தெரிய வந்தது. இன்றும் அது தேவையான மருந்துதான். ஆனால் அளவு தெரிந்து, கண்காணிப்போடு கொடுக்க வேண்டியது. பெயர் சொல்லாமல் பொடியில் கலந்து கொடுப்பது கொடுமை. நேர்மையான சித்த மருத்துவர்களுக்கும் அது அவப்பெயர். சித்த மருந்துதான் வேண்டும் என்றால் அரசு மருத்துவமனையின் சித்தப் பிரிவுக்குப் போங்கள், என்ன மருந்து என்று சொல்லிக் கொடுப்பார்கள்.

அப்பாவின் முழங்காலுக்கு எடையைக் குறைப்பதும், நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கித் தொடைத் தசைக்கு வலு ஏற்றுவதும் பெரிய வைத்தியம். நொச்சி இலை ஒத்தடம் இதமாக இருந்தால் கொடுங்கள்.

ராமநாதபுரம். ஈறு நோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் தொடர்பு உண்டு என்று பல் டாக்டர் சொல்கிறார். பல்லைப் பிடுங்கிவிட்டால் வாதம் போகுமா?

போகாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு நாடுகளில் இதை நம்பி நல்ல பற்களையும் டான்சிலையும் எடுத்தார்கள், வாதம் அப்படியே இருந்தது. ஈறு நோய் உள்ளவர்களுக்கு முடக்குவாதம் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. அதனால் ஈறுக்கு வைத்தியம் செய்துகொள்ளுங்கள். புகையிலையை விடுங்கள், முக்கியமாகப் பீடி, சிகரெட். முடக்குவாதத்தைத் தூண்டுவதில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு.

மாவட்டத்தின் உள்பகுதியில் இருந்து: எங்கள் ஊரில் பலருக்கும் முதுகு விறைத்து, குனிய முடியவில்லை. பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. வாயு உணவா காரணம்?

தண்ணீரைப் பாருங்கள். பல்லில் கறை, முதுகில் விறைப்பு இரண்டும் ஒரே ஊரில் இருந்தால் ஃப்ளூரைடு மிகுந்த நிலத்தடி நீராக இருக்கலாம். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், மூட்டு வாதம் போலவே தெரிந்த இந்த நோயை மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு கூடாது. கொதிக்க வைத்தால் போகாது, இன்னும் செறிவுதான் ஆகும். ஊராட்சி மூலம் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கேளுங்கள். முடிவு வரும்வரை குடிக்கவும் சமைக்கவும் காவிரிக் கூட்டுக் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

தேவிபட்டினம். முடக்கத்தான் தோசை தினமும் சாப்பிடலாமா? செம்பு வளையம் போட்டால் வலி இழுக்குமா?

தோசை சாப்பிடலாம், நல்ல கீரை. ஆனால் வலிக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை அதற்காக விடாதீர்கள். செம்பு வளையத்தைச் சோதித்துப் பார்த்தார்கள், பொய் வளையத்தைவிட அதிகப் பலன் தெரியவில்லை. அந்தக் காசுக்குச் சாளை வாங்குங்கள்.