பென்சீன் கரையாததற்கு வெப்பமா காரணம்?

கேள்வி: பென்சீன், எண்ணெய் போன்றவற்றைத் தண்ணீர் மூலக்கூறுகள் விரட்டுவதால்தான் அவை கரைவதில்லை என்கிறார்கள். அப்படியானால் அவற்றைக் கரைக்க நிறைய வெப்பம் செலவாக வேண்டுமே?

பதில்: விரட்டுவதெல்லாம் இல்லை. பென்சீனும் தண்ணீரும் ஒன்றையொன்று கொஞ்சம் ஈர்க்கத்தான் செய்கின்றன. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 1.8 கிராம் அளவுக்கு பென்சீன் கரையும். அப்போது ஒரு மோலுக்கு உள்ளே போகும் வெப்பம் 2 கிலோஜூல் சொச்சம்தான். சாதாரண உப்புக்கு அதைவிட அதிகமாக, கிட்டத்தட்ட 4 கிலோஜூல் வேண்டும்; ஆனாலும் அது பாட்டுக்குக் கரைந்துவிடுகிறது! ஆக, வெப்பத்தின் மேல் பழி போட முடியாது.

மோல் பின்னத்தை (கரைசலில் உள்ள மொத்த மூலக்கூறுகளில் பென்சீனின் பங்கு) வைத்துக் கணக்குப் போட்டால், பென்சீன் கரைவதற்கான தடை, அதாவது கிப்ஸ் ஆற்றல், மோலுக்குச் சுமார் 19 கிலோஜூல் வரும். வெப்பத்தின் பங்கைக் கழித்தால் மிச்சம் 17. அவ்வளவும் என்ட்ரோபி இழப்பு, அதாவது மூலக்கூறுகள் விதவிதமாகத் திரும்பி நிற்கும் சுதந்திரம் குறைவது. தண்ணீர் மூலக்கூறு ஒவ்வொன்றும் சுற்றியிருப்பவற்றோடு நான்கு ஹைட்ரஜன் பிணைப்புகள் வரை வைத்துக்கொள்ளும். பக்கத்தில் பென்சீன் வந்து உட்கார்ந்தால், அந்தப் பக்கம் கை நீட்டிச் சரியான பிணைப்பு கிடைக்காது என்பதால், இருக்கும் பிணைப்புகளை விடாமல் வைத்துக்கொள்ள ஒரு சில வாகுகளில் மட்டுமே திரும்பி நிற்க வேண்டியதாகிறது. பிணைப்பு பெரிதாக அறுபடவில்லை, அதனால் வெப்பச் செலவும் இல்லை, போனது சுதந்திரம். 1945-இல் ஃபிராங்க், எவன்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதைப் 'பனிப்பாறை' என்றே வர்ணித்தார்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, பென்சீனைச் சுற்றி நிஜமாகவே பனிக்கட்டி உறைகிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: சரி, சூடாக்கினால் கூடுதலாகக் கரையுமா?

பதில்: கரையும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி நேர்க்கோட்டில் இல்லை. பென்சீன் மிகக் குறைவாகக் கரைவது 18 டிகிரியை ஒட்டி. அதற்குக் கீழே குளிர்வித்தால் கரைதிறன் லேசாக ஏறும், மேலே சூடாக்கினாலும் ஏறும். காரணம், இந்தக் கரைசல்களின் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு டிகிரி சூடேற வாங்கிக்கொள்ளும் வெப்பம், வழக்கத்துக்கு மாறாக மிக அதிகம். வெப்பநிலை ஏற ஏற, பென்சீனைச் சுற்றியிருக்கும் தண்ணீரின் ஒழுங்கு கலைந்து பிணைப்புகள் அறுபடத் தொடங்கும். என்ட்ரோபி இழப்பு குறையும், அந்த இடத்தில் வெப்பச் செலவு வந்து உட்காரும். 110 டிகிரி வாக்கில் ஹைட்ரோகார்பன்களுக்கு (பென்சீன் போல கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கொண்டவை) என்ட்ரோபி இழப்பு ஏறக்குறைய பூஜ்யமாகிவிடும். அப்போதும் அவை தாராளமாகக் கரைவதில்லை, ஏனென்றால் இப்போது தடை முழுக்க வெப்பக் கணக்கில். அறை வெப்பநிலையில் சொன்ன காரணத்தை எல்லா வெப்பநிலைக்கும் ஒப்பிக்கிற பாடப்புத்தகங்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

அப்புறம், அழுத்தம் கொடுத்துத் திரவமாகவே வைத்துக்கொண்டு 250 டிகிரிக்குப் போனால் தண்ணீரின் மின்கடவா மாறிலி (மின்சுமைகளுக்கு இடையிலான ஈர்ப்பை அது எவ்வளவு தணிக்கிறது என்பதன் அளவு) 78-லிருந்து 27 அளவுக்கு இறங்கிவிடும். அந்தத் தண்ணீரின் குணம் ஏறக்குறைய ஆல்கஹால் குணம், அதனால் பென்சீன் போன்றவை அதில் இன்னும் நன்றாகக் கரையும்.

கேள்வி: மூன்று பென்சீன் வளையங்கள் ஒட்டிய ஆந்த்ரசீன், ஃபீனாந்த்ரீன் இரண்டுக்கும் ஒரே மூலக்கூறு வாய்பாடு. ஆனால் ஃபீனாந்த்ரீன் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கரைகிறது, ஆந்த்ரசீன் அதில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறுவதில்லையே?

பதில்: இங்கே தண்ணீர் நிரபராதி. திண்மம் கரைய வேண்டுமானால் முதலில் படிகத்திலிருந்து மூலக்கூறு கழன்று வர வேண்டும். ஃபீனாந்த்ரீன் 100 டிகிரியில் உருகிவிடும், ஆந்த்ரசீனுக்கு 216 டிகிரி வேண்டும். அவ்வளவு கெட்டியாக அடுக்கப்பட்ட படிகம் அது. உருகுநிலை 100 டிகிரி கூடினால் கரைதிறன் பத்தில் ஒன்றாகும் என்று ஒரு தோராய விதி உண்டு, அதை வைத்தே இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வந்துவிடும். இதை வளையாத மூலக்கூறுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீளச் சங்கிலிகள் உருகும்போது என்ட்ரோபி இன்னும் அதிகமாக ஏறும் என்பதால் அங்கே கணக்கு உதைக்கும்.