பீரோவுல பூட்டி வெச்சா அது லைப்ரரிங்களா? வாசகர் கேள்வி, டீச்சரம்மா பதில்

இந்தத் தடவை வந்த கேள்வியில முக்காவாசி பள்ளிக்கூட லைப்ரரி பத்தியே இருக்குதுங்க, அதனால ஏலச்சீட்டு, மாமியார் பிரச்சனையெல்லாம் எழுதினவங்க அடுத்த இதழ் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

கேள்வி: வணக்கமுங்க டீச்சரம்மா. நான் ஈராசிரியர் பள்ளியில ஹெச்எம்மா இருக்கேனுங்க. நல்ல நல்ல கதைப் புத்தகம் வருது, ஆனா பசங்க கையில குடுத்தா கிழிச்சுப் போடறாங்க, வீட்டுக்குக் குடுத்தா பாதி திரும்பறதில்ல. நாளைக்கு ஆடிட்டுல ஸ்டாக் ரெஜிஸ்டரைக் கேட்டா நான்தான் கைக்காசு கட்டோணும். அதனால பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். தப்புங்களா?
(தலைமை ஆசிரியை, காங்கயம் பக்கம்)

பதில்: தப்புதானுங்க, ஆனா உங்களை மட்டும் சொல்லிப் பிரயோசனமில்ல. ரெஜிஸ்டருக்குப் பயந்துக்கிட்டு எத்தனையோ ஹெச்எம்மு பீரோ சாவியை ஹேண்ட்பேக்லயே வெச்சுக்கிட்டுத் திரியறாங்க, கடைசியில பசங்க கை படாத புத்தகத்தைக் கரையான் வந்து படிச்சு முடிச்சுடுது.

மொதல்ல அந்தப் பயத்துக்கு ஒண்ணு சொல்றேன். மத்திய அரசோட பொது நிதி விதிகள் 2017-ல லைப்ரரி புத்தகத்துக்குன்னே ஒரு விதி இருக்குதுங்க, ஆயிரம் புத்தகம் வெளிய போய் வந்தா வருசத்துக்கு அஞ்சு தொலையறது நியாயமான இழப்புதான், ஏமாத்து வேலையோ அலட்சியமோ இல்லாத வரைக்கும்னு அதுலயே எழுதியிருக்காங்க. அது மத்திய அரசு ஆபீசுக்குப் போட்டது, நம்ம யூனியன் ஸ்கூலை நேரடியாக் கட்டாதுதான், ஆனா டெல்லியில உக்காந்து கணக்குப் பாக்கறவங்களே புத்தகம் தொலையும்னு ஒத்துக்கறாங்க பாருங்க, அதை ஆபீசர்கிட்ட எடுத்துச் சொல்லலாமில்ல. கூடவே, எந்தப் புத்தகம் கிழிஞ்சுது, எது போச்சுன்னு பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல சொல்லித் தீர்மான நோட்டுல ஏத்தி வெச்சுருங்க, நாலு பெத்தவங்க கையெழுத்து இருந்தா உங்களுக்கும் தெம்பா இருக்கும்.

நம்ம நாட்டு நூலகத் துறைக்கு முன்னோடியான சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல லைப்ரரிக்கு அஞ்சு விதி எழுதினாரு, அதுல மொத விதியே புத்தகம் பயன்படுத்தறதுக்குத்தான்ங்கறது. அந்தக் காலத்து ஐரோப்பாவுல புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோட கட்டி வெச்சிருந்தாங்களாம். நாம சங்கிலியை எடுத்துட்டு கோத்ரெஜ் பூட்டு போட்டுட்டோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி வேலைக்கு வருவோம். கிளாஸ் ரூம்ல ரெண்டு சன்னல் கம்பிக்கு நடுவுல ஒரு நைலான் கயிறு கட்டுங்க, ஒண்ணாங்கிளாஸ் பொடுசு கை நீட்டினா எட்டற உசரத்துல. மெல்லிசான புத்தகங்களை நடுப்பக்கம் விரிச்சு அதுல தொங்கவிடுங்க, அட்டை வெளிய தெரியோணும். முதுகை மட்டும் காட்டி அடுக்கி வெச்சா படிக்கத் தெரியாத குழந்தைக்கு எதைன்னு எடுக்கறது? காலை உணவுத் திட்டம் வந்ததுல இருந்து பசங்க வெடியாலயே வந்தர்றாங்க, உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுட்டுக் கை கழுவினா ப்ரேயர் பெல் அடிக்கிற வரைக்கும் சும்மாதான் ஓடிட்டு இருக்காங்க, அந்த நேரத்தைப் புடிச்சுக்கோங்க, டைம்டேபிள்ல தனியா பீரியட் தேடவே வேண்டாம்.

வீட்டுக்குக் குடுக்கற நோட்டை நீங்க எழுதாதீங்க, அஞ்சாங்கிளாஸ் புள்ளைக ரெண்டு பேருகிட்ட விட்டுருங்க, வசூல் பண்றதுல அவங்க பைனான்ஸ்காரங்களை விடக் கெட்டி. கிழிஞ்சதுக்கு செலோ டேப் மட்டும் ஒட்டாதீங்க, கொஞ்ச நாள்ல மஞ்சளாகி, பசை கசிஞ்சு அடுத்த பக்கத்தோட ஒட்டிக்கும். மைதாவைத் தண்ணியா காய்ச்சி, துளி மயில்துத்தம் போட்டு (அது வெசமுங்க, அந்தப் பசையைப் பெரியவங்க மட்டும் தொடோணும்), மெல்லிசான வெள்ளைப் பட்டக் காயிதத்தைக் கிழிசல் மேல ஒட்டி, மேல ஒரு கனமான நோட்டைத் தூக்கி வெச்சு ராத்திரி முழுக்கக் காயவிடுங்க, எழுத்து அடியில தெளிவாத் தெரியும். பசங்களைப் பக்கத்துல நின்னு பாக்கச் சொல்லுங்க, ஒரு பக்கத்தை ஒட்ட எத்தனை பாடுன்னு பாத்த புள்ளை அடுத்த பக்கத்தை மெதுவாத்தான் திருப்பும்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் பனியன் கம்பெனியில வேலைங்க, வீட்டுக்கு வர ராத்திரி எட்டாகிடும். பொண்ணு மூணாவது படிக்கறா, இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கறா, ஒரு வரி முடியறதுக்குள்ள மொதல்ல படிச்சது மறந்து போகுது. லைப்ரரி புத்தகம் கொண்டு வர்றா, தொடறதே இல்ல. எனக்கும் சரளமா படிக்க வராதுங்க. என்ன பண்றது?
(ஒரு அம்மா, திருப்பூர்)

பதில்: அம்மிணி, மொதல்ல அவகிட்ட "படி படி"ன்னு சொல்றதை நிறுத்துங்க. நாம வீட்டுல "காக்கா வந்துச்சு"ன்னு பேசறோம், புத்தகத்துல "காகம் வந்தது"ன்னு இருக்குது. காதுல விழாத தமிழைக் கண்ணால மட்டும் பாத்தா எந்தக் குழந்தையும் ஒவ்வொரு எழுத்தா முட்டித்தான் நிக்கும். அதனால யாராவது சத்தமா படிச்சுக் காட்டோணும், இவ கேக்கோணும், வேற ஒண்ணும் வேண்டாம். உங்களுக்கு வராட்டி பரவாயில்ல, பக்கத்து வீட்டுல ஏழாவது எட்டாவது படிக்கற புள்ளையைக் கூப்பிட்டு, வரிக்குக் கீழ வெரலை ஓட்டிக்கிட்டே படிக்கச் சொல்லுங்க. ஒரே கதையை நூறு வாட்டி கேட்டாலும் கேக்கட்டும், மனப்பாடம் ஆனப்புறம் அவளே வெரலை வெச்சுப் படிக்கற மாதிரி நடிப்பா, அதைத் திருட்டுன்னு நெனைக்காதீங்க, நெறயக் குழந்தைங்க அந்த வழியாத்தான் வாசிப்புக்குள்ள வர்றாங்க.

லைப்ரரி புத்தகத்தைத் தொடலைன்னா ஒருவேளை புத்தகம் அவளுக்குப் பெருசா இருக்கும். ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லித் தெரியாத வார்த்தைக்கு ஒரு வெரலை மடக்கச் சொல்லுங்க, அஞ்சு வெரலும் மடங்கிடுச்சுன்னா அந்தப் புத்தகம் இப்போ வேண்டாம். சின்ன வகுப்புப் பசங்களுக்குப் படிக்க, எழுத, கணக்குப் போடச் சொல்லித்தர்ற அரசோட எண்ணும் எழுத்தும் திட்டத்துல, புள்ளைக எவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்காங்கன்னு பாத்து, ஆரம்ப நிலையில இருந்து அரும்பு, மொட்டு, மலர்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க, உங்க பொண்ணு எதுல இருக்கான்னு டீச்சர்கிட்ட கூச்சப்படாமக் கேளுங்க, அரும்புன்னு சொன்னா அழுகாதீங்க. அரசுப் பள்ளிக்கூடத்துல நடத்தற வாசிப்பு இயக்கத்துல வந்த குட்டிப் புத்தகங்க எளிசுல இருந்து நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா இருக்கும், "நுழை"யில இருந்து கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லுங்க. ஊருக்குப் போனா அம்முச்சிகிட்ட (அம்மாவைப் பெத்தவங்க) நம்ம கொங்கு நாட்டு அண்ணமார் கதை கேக்க விடுங்க. கதை கேட்டுப் பழகின புள்ளைக்குத்தான் அடுத்து என்னன்னு பக்கத்தைத் திருப்பத் தோணும்.

கேள்வி: நாங்க பழைய மாணவர்கள் சேந்து, படிச்ச தொடக்கப் பள்ளிக்கு லைப்ரரி அமைச்சுத் தரலாம்னு இருக்கோம். கையில இருபத்தஞ்சாயிரம் இருக்குது. கண்ணாடி பீரோ ஒண்ணு, தலைவர்கள் வரலாறு, திருக்குறள் உரை, பொது அறிவு, திறப்பு விழா. சரிங்களா?
(பழைய மாணவர்கள், கோபிசெட்டிபாளையம்)

பதில்: மனசு நல்ல மனசு, லிஸ்ட்டுதான் ஆகலைங்க. பீரோவுக்கும் பந்தலுக்கும் பொன்னாடைக்கும் போனது போக மிச்சத்துல புத்தகம் வாங்குவீங்க, அதுவும் எட்டு வயசுப் பையன் திறந்து பாத்துட்டு மூடி வெக்கற புத்தகம். சமக்ர சிக்ஷாங்கற மத்திய அரசோட பள்ளிக் கல்வித் திட்டத்துல லைப்ரரிக்குன்னு பள்ளிக்கூடத்தோட நிலையைப் பொறுத்து வருசம் 5,000-ல இருந்து 20,000 வரைக்கும் ஒதுக்கறாங்க, அதுல என்ன வாங்கியிருக்காங்கன்னு மொதல்ல ஹெச்எம்கிட்ட கேட்டுட்டு, இல்லாததை வாங்குங்க. படம் பெருசா, பக்கத்துக்கு ரெண்டு வரி இருக்கற மெல்லிசுப் புத்தகம்தான் எச்சா வேணும், பசங்களுக்குப் புடிச்சது தெரிஞ்சா அதுலயே நாலு காப்பி.

ஆகஸ்ட்ல ஈரோடு புத்தகத் திருவிழா வருதில்ல, ஒரு வேன் வெச்சு நாலாவது அஞ்சாவது புள்ளைகளைக் கூட்டிட்டுப் போங்க, ஆளுக்கு எரநூறு ரூவாயைக் கையில குடுத்து, லைப்ரரிக்கு நீயே ஒண்ணு எடுன்னு விட்டுருங்க. பேய்க் கதையும் டைனோசரும்தான் எடுப்பாங்க, எடுக்கட்டும், நடுவுல பூந்து மாத்தாதீங்க.

பொது அறிவுதான் வேணும்னா உங்க ஊர்லயே ஆள் இருந்திருக்காரு. பெரியசாமித் தூரன், மொடக்குறிச்சி பக்கம் மஞ்சக்காட்டுவலசுல 1908-ல பொறந்தவரு, உங்க கோபி வைர விழா ஸ்கூல்ல வாத்தியாரா இருந்தவரு, அவரு தலைமையிலதான் குழந்தைகள் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதி வந்துச்சு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட சைட்டுல சும்மாவே பாக்கலாம். தகவல் பழசுதான், ஆனா குழந்தைக்கு எப்படி எளிசாச் சொல்றதுன்னு இன்னைக்கு எழுதறவங்க அதைப் பாத்துக் கத்துக்கலாம். கல்வெட்டுல பேரு போடறதை மட்டும் விட்டுருங்க, அந்தக் காசுக்கு இன்னும் பத்துப் புத்தகம் வரும்.

கேள்வி: எங்க ஸ்கூல்ல தறி, மில்லு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துக் குழந்தைங்க நெறய. தமிழ்ப் புத்தகம் குடுத்தா முழிக்கறாங்க.
(ஆசிரியர், பல்லடம்)

பதில்: ஸ்டோரிவீவர்னு பிரதம் புக்ஸோட சைட் இருக்குது, ஒரே கதை தமிழ், இந்தி, ஒடியான்னு கிடைக்கும், இலவசம், பிரிண்ட்டும் எடுத்துக்கலாம். தமிழையும் அந்தக் குழந்தையோட மொழியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பின் அடிங்க. ஒடிசாக் குழந்தையை விட்டு ஒடியாவுல ஒரு பக்கம் சொல்லச் சொல்லுங்க, நம்ம பசங்க வாயைப் பொளந்துட்டுக் கேப்பாங்க.

கேள்வி: பையன் காமிக்ஸ் மட்டும்தான் எடுக்கறான், பரவாயில்லைங்களா?
(ஒரு அப்பா, பொள்ளாச்சி)

பதில்: தாராளமா எடுக்கட்டுங்க. முடிச்சதும் எனக்கும் ஒண்ணு அனுப்பி வைங்க.